திரைக்கு முன்பே தொடங்கிய பயிற்சி: விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர்கள் உருவாக்கப்பட்ட விதம்

விமான விபத்து குறித்தோ, விமான நிலையங்களில் ஏற்படும் நீண்ட தாமதம் குறித்தோ செய்தி வெளியாகும்போது, விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர் என்ற பெயரும் உடன் அடிபடுகிறது. ஆனால் அவர் யார், அவருடைய வேலை என்ன என்பதில் பலருக்கும் தெளிவு இல்லை. விமானம் வந்து நிற்கும் இடத்தில் ஒளிரும் கோல்களை அசைத்து விமானிக்கு வழிகாட்டுபவரைத்தான் பலர் கட்டுப்பாட்டாளர் என்று எண்ணுகிறார்கள். அவர் தரைப்பணியாளர், அவருடைய பணி வேறு. இன்னொரு சாரார், ரேடார் திரையில் எல்லா விமானங்களும் தெரிகின்றன, கட்டுப்பாட்டாளர் அதைப் பார்த்து உத்தரவிடுகிறார், ஆகவே அந்தக் கருவியை இயக்கக் கற்பதுதான் அவருக்கான பயிற்சி என்று நம்புகிறார்கள். இந்த இரண்டாவது எண்ணம் முதலாவதைவிட ஆழமான பிழை. கடந்த நூற்றாண்டின் பெரும்பகுதியில், கட்டுப்பாட்டாளர் பயிற்சி என்பது எதையும் பார்க்காமல் வானத்தை மனத்தில் வைத்துக்கொள்ளும் பயிற்சியாகவே இருந்தது. ஆவணங்கள் மிகுதியாக உள்ள அமெரிக்காவின் அனுபவத்தைக் கொண்டு அதை இங்கே விளக்குகிறேன்.

கட்டுப்பாட்டாளரின் வேலை

ஒரு விமானப் பயணத்தை ஒரே கட்டுப்பாட்டாளர் முழுவதும் கவனிப்பதில்லை. ஓடுபாதையையும் அதன் அருகிலுள்ள வானத்தையும் கோபுரத்தில் இருப்பவர்கள் கவனிக்கிறார்கள். விமான நிலையத்தைச் சுற்றிப் பல பத்து மைல் தொலைவு வரை, இறங்க வரும் விமானங்களையும் ஏறிச் செல்லும் விமானங்களையும் வரிசைப்படுத்துவது அணுகுமுகக் கட்டுப்பாட்டின் பொறுப்பு. இவற்றுக்கு இடைப்பட்ட நெடுந்தொலைவு வழித்தடங்களை, பெரும்பாலும் விமான நிலையத்துக்குத் தொடர்பே இல்லாத ஓரிடத்தில் சன்னல் இல்லாத கூடத்தில் அமர்ந்திருப்பவர்கள் கவனிக்கிறார்கள். அந்த இடத்துக்கு வழித்தட மையம் என்று பெயர். ஒவ்வொரு மையத்தின் வானமும் பல துண்டுகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும். அத்தகைய ஒரு துண்டே செக்டர்.

மூவருக்கும் பொதுவான கடமை ஒன்று உண்டு. எந்த இரு விமானங்களுக்கும் இடையே, மேல்கீழாகவோ பக்கவாட்டிலோ முன்பின்னாகவோ, விதித்த அளவுக்குக் குறையாத தூரம் இருக்கச் செய்வதே அந்தக் கடமை. இந்தத் தூரத்தைப் பிரிப்பு இடைவெளி என்று அழைப்போம். நாம் பேசும் காலத்தில் 29,000 அடி உயரம் வரை மேல்கீழ் இடைவெளி 1,000 அடியாகவும், அதற்கு மேல் 2,000 அடியாகவும் இருந்தது. அதே உயரத்தில் ஒன்றன்பின் ஒன்றாகவோ குறுக்காகவோ செல்லும் விமானங்களுக்கு, ரேடார் இல்லாத நிலையில், பொதுவாகப் பத்து நிமிட இடைவெளி வேண்டும். வழித்தட மையத்தின் ரேடாரில் இரண்டும் தெரிந்தால் ஐந்து கடல் மைல் போதும்.

இந்த இரண்டு அளவுகளையும் ஒப்பிட்டுப் பார்ப்பது பயன் தரும். மணிக்கு 480 கடல் மைல் வேகத்தில் செல்லும் விமானம் நிமிடத்துக்கு எட்டு மைல் கடக்கிறது. அதற்குப் பத்து நிமிடம் என்பது எண்பது மைல். ஐந்து மைல் என்பதோ நாற்பது நொடிக்கும் குறைவான பறத்தல். பார்க்க முடியாதபோது எவ்வளவு பெரிய வெற்றிடத்தை விமானங்களுக்கு நடுவே விட வேண்டியிருந்தது என்பதும், ரேடார் எதை மிச்சப்படுத்தியது என்பதும் இந்தக் கணக்கிலேயே தெரிந்துவிடும்.

சுருங்கச் சொன்னால், இரு விமானங்களை விதித்த இடைவெளிக்குக் குறையாமல் பிரித்து வைப்பதே கட்டுப்பாட்டாளரின் தொழில். ரேடார் அந்த இடைவெளியைக் குறைக்க உதவிய கருவி.

பார்க்காமல் அறிவது எப்படி?

பேருந்து நிலையத்தில் நேரக் காப்பாளரின் அறையை நினைத்துக்கொள்ளுங்கள். விழுப்புரத்திலிருந்து பத்து மணிக்குப் புறப்பட்ட பேருந்து திண்டிவனத்தை எப்போது கடக்கும் என்பதை அவர் சாலையைப் பார்த்துச் சொல்வதில்லை. புறப்பட்ட நேரம், தூரம், வழக்கமான வேகம் ஆகிய மூன்றையும் கொண்டு கணித்துச் சொல்கிறார். வழியிலுள்ள ஊரிலிருந்து தொலைபேசியில் தகவல் வந்தால் கணிப்பைத் திருத்திக்கொள்கிறார். ரேடார் இல்லாத வானத்தைக் கட்டுப்படுத்தியவரின் அடிப்படை முறையும் இதுவே. ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. பேருந்தைச் சாலையோரம் நிறுத்திவைக்கலாம். விமானத்தை நிறுத்த முடியாது. அதிகபட்சம் ஓரிடத்துக்கு மேல் வட்டமிடச் சொல்லலாம், அதற்கும் எரிபொருள் செலவாகும்.

விமானி தன் வழியில் உள்ள குறிப்பிட்ட புள்ளிகளைக் கடக்கும்போது, கடந்த நேரத்தையும், தன் உயரத்தையும், அடுத்த புள்ளியை எட்டக்கூடிய நேரத்தையும் வானொலியில் சொல்வார். இவை அறிவிப்புப் புள்ளிகள். ஒவ்வொரு விமானத்துக்கும், ஒவ்வொரு அறிவிப்புப் புள்ளிக்கும் ஒரு நீளமான தாள்துண்டில் விமானத்தின் அழைப்புப் பெயர், வகை, வேகம், உயரம், வழி, புள்ளியைக் கடக்கவிருக்கும் நேரம் ஆகியவை எழுதப்பட்டன. ஸ்ட்ரிப் என்று தொழிலில் அழைக்கப்பட்ட இந்தத் தாள்துண்டுகள் பிளாஸ்டிக் பிடிப்பான்களில் செருகப்பட்டு, சாய்வான பலகையில் புள்ளிவாரியாகவும் நேர வரிசையிலும் அடுக்கப்பட்டிருக்கும். இந்தப் பலகைதான் கட்டுப்பாட்டாளரின் வானம்.

இப்போது ஒரு சிக்கலை எடுத்துக்கொள்வோம். மேற்கிலிருந்து கிழக்கே செல்லும் ஒரு விமானமும், வடக்கிலிருந்து தெற்கே செல்லும் இன்னொன்றும் 15,000 அடியில் ஒரே அறிவிப்புப் புள்ளியை நோக்கி வருகின்றன. முதல் விமானம் 10:14-க்கும், இரண்டாவது 10:19-க்கும் அங்கே வந்து சேரும் என்று ஸ்ட்ரிப்புகள் காட்டுகின்றன. ஐந்து நிமிடமே உள்ளது; பத்து வேண்டும். இரண்டாவது விமானத்தை 14,000 அடிக்கு இறக்கலாம். ஆனால் 14,000 அடியில் எதிரே வேறொரு விமானம் வந்துகொண்டிருந்தால்? அது எந்த நேரத்தில் இதைக் கடந்து செல்லும் என்று முதலில் கணக்கிட வேண்டும். கடந்துவிட்டது என்று விமானியே அறிவித்த பின்னர்தான் இறங்க அனுமதி தரலாம். அதற்குள் முதல் விமானம் புள்ளியை நெருங்கிவிடுமா என்பதையும் பார்க்க வேண்டும். நெருங்கிவிடும் என்றால் இறக்குவதற்குப் பதில் ஏற்றுவதா, வட்டமிட வைப்பதா? இவ்வளவையும் முடிவுசெய்துகொண்டிருக்கும்போதே அடுத்த செக்டரிலிருந்து நான்காவது விமானத்தைப் பற்றித் தொலைபேசி அழைப்பு வரும்.

பயிற்சி வளர்க்க விரும்பியது இந்தத் திறனைத்தான். சிதறிக் கிடக்கும் எண்களை, நகர்ந்துகொண்டே இருக்கும் ஒரு முப்பரிமாணக் காட்சியாக மனத்தில் கட்டி, மோதல் வருவதற்குப் பல நிமிடங்கள் முன்பே அதைக் காண வேண்டும்.

பள்ளி இல்லாத தொடக்கம்

அமெரிக்காவின் முதல் கட்டுப்பாட்டாளராகக் கருதப்படுபவர் ஆர்ச்சி லீக். 1929-ல் செயின்ட் லூயிஸ் நகர விமான நிலையத்தில், ஒரு தள்ளுவண்டியில் நாற்காலி, நிழற்குடை, குறிப்பேடு, மதிய உணவு, இரண்டு கொடிகள் ஆகியவற்றை வைத்துக்கொண்டு ஓடுபாதை அருகே நின்று பணியாற்றினார். ஒரு கொடி செல்லலாம் என்றும், மற்றொன்று நிற்க வேண்டும் என்றும் பொருள்படும். அவருக்குப் பயிற்சி அளிக்க முன்னோடி எவரும் இல்லை. பிற்காலத்தில் நாட்டின் விமானப் போக்குவரத்து நிர்வாகத்திலேயே உயர் பதவி வகித்து 1973-ல் ஓய்வுபெற்றார். கொடியில் தொடங்கிய தொழில் கணினிவரை வந்ததை ஒரே மனிதர் தம் பணிக்காலத்தில் கண்டார்.

வழித்தடக் கட்டுப்பாடு 1935 டிசம்பரில் நியூவர்க்கில் தொடங்கியது. அதை அமைத்தது அரசு அல்ல. தங்கள் விமானங்கள் மேகத்துக்குள் ஒன்றோடொன்று மோதிவிடக்கூடும் என்று அஞ்சிய விமான நிறுவனங்களே கூடி அமைத்தன. அடுத்த ஆண்டு மத்திய அரசு அதை ஏற்றுக்கொண்டது. மேசைமேல் விரித்த வரைபடத்தில் விமானங்களைக் குறிக்கும் சிறு அடையாளத் துண்டுகளைக் கையால் நகர்த்தியும், கரும்பலகையில் நேரங்களை எழுதியும் அவர்கள் வேலை செய்தார்கள். விமானியோடு நேரடியாகப் பேசும் வசதிகூட அப்போது அவர்களுக்கு இல்லை. நிறுவனங்களின் வானொலி இயக்குநர்கள் வழியாகவே செய்தி போய்வந்தது. புதிதாகச் சேர்ந்தவர் அனுபவசாலியின் பக்கத்தில் அமர்ந்து, பார்த்து, பிறகு அவர் முன்னிலையில் செய்து காட்டிக் கற்றார். இரண்டாம் உலகப் போரின்போது ஆண்கள் படைக்குச் சென்றதால் பெண்கள் பலர் இப்பணிக்கு வந்தார்கள். மறுபுறம், ராணுவமும் தனக்கென ஏராளமான கட்டுப்பாட்டாளர்களை உருவாக்கியது. போருக்குப் பின் பல ஆண்டுகள் குடிமைப் பணிக்கு வந்தவர்களில் பெரும்பங்கினர் இப்படி ராணுவத்தில் பயின்றவர்களே.

ரேடார் வந்த பிறகும்

1956 ஜூன் 30 அன்று லாஸ் ஏஞ்சலஸிலிருந்து சில நிமிட இடைவெளியில் புறப்பட்ட இரு பயணிகள் விமானங்கள் கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்கின்மேல் மோதின. 128 பேர் இறந்தார்கள். அந்தப் பகுதியில் விமானங்களைப் பிரித்து வைக்கும் கடமை கட்டுப்பாட்டாளருக்கு இருக்கவில்லை. விமானிகளே ஒருவரையொருவர் பார்த்து விலகிக்கொள்ள வேண்டும் என்பதே விதி. பொதுமக்களின் அதிர்ச்சி 1958-ம் ஆண்டின் சட்டத்துக்கு வழிவகுத்தது, இன்று எஃப்.ஏ.ஏ. (கூட்டாட்சி விமானப் போக்குவரத்து நிர்வாகம்) என்று அறியப்படும் அமைப்பு அந்தச் சட்டத்தில் பிறந்தது. ரேடார்களும் கட்டுப்பாட்டாளர் பணியிடங்களும் பெருகின.

அப்படியென்றால் ரேடார் வந்ததும் பயிற்சி எளிதாகிவிட்டதா? ஆரம்பகால ரேடார் திரையில் தெரிந்தது ஓர் ஒளிப்புள்ளி மட்டுமே. அது எந்த விமானம், எந்த உயரத்தில் உள்ளது என்பதைத் திரை சொல்லாது. கிடைமட்டமாக வைத்த திரையின்மேல், விமானத்தின் பெயர் எழுதிய பிளாஸ்டிக் துண்டுகளைப் புள்ளியோடு சேர்த்து விரலால் நகர்த்திக்கொண்டே இருந்தார்கள். 1970-களின் நடுப்பகுதிக்குள் கணினிகள் அந்தப் பெயரையும் உயரத்தையும் திரையிலேயே எழுதத் தொடங்கின. ஆனால் கணினி நின்றுபோனால் திரையை மீண்டும் கிடையாகச் சாய்த்து, பிளாஸ்டிக் துண்டுகளை எடுத்து, பழைய முறைக்குத் திரும்ப வேண்டியிருந்தது. ரேடாரே நின்றுபோனால் மிஞ்சுவது ஸ்ட்ரிப்புகள் மட்டுமே.

அதனால்தான் திரை இருந்த காலத்திலும் பயிற்சி திரையில்லாமல் தொடங்கியது. கருவி எது போனாலும், மனத்திலுள்ள காட்சி நிலைக்க வேண்டும் என்பது அதன் அடிப்படை. என்னுடைய கருத்தில், இந்தத் தொழில் எடுத்த மிகச் சரியான முடிவு இதுவே.

ஓக்லஹோமா நகரில் வடிகட்டல்

கூட்டாட்சி அரசின் விமானவியல் மையம் 1946-ல் ஓக்லஹோமா நகரில் அமைந்தது. அதன் பயிற்சிக் கழகத்தை எல்லோரும் அகாடமி என்றே அழைத்தார்கள். அங்கே போகுமுன் எழுத்துத் தேர்வு ஒன்றைக் கடக்க வேண்டும். 1981-ல் புகுத்தப்பட்ட தேர்வின் முக்கியப் பகுதியில், வான்வழிகள் குறுக்கிடும் ஒரு வரைபடமும், அதில் செல்லும் விமானங்களின் உயரமும் வேகமும் வழியும் அடங்கிய அட்டவணையும் தரப்பட்டன. எந்த விமானங்கள் மோதக்கூடும் என்பதைக் குறுகிய நேரத்தில் கண்டுபிடிக்க வேண்டும். 1972-ம் ஆண்டின் சட்டப்படி, சேர்வதற்கு 31 வயதுக்கு உட்பட்டிருக்க வேண்டும் என்ற வரம்பும், 56 வயதில் கட்டாய ஓய்வும் நடைமுறைக்கு வந்தன. நினைவும் வேகமும் இத்தொழிலில் எவ்வளவு கணக்கில் எடுத்துக்கொள்ளப்பட்டன என்பதை இது காட்டுகிறது.

1976 வரை, பொருந்தாதவர்கள் பெரும்பாலும் பணியிடத்தில் பல மாதங்களோ ஆண்டுகளோ செலவழித்த பிறகே வெளியேறினார்கள். இது பணத்துக்கும் கேடு, அந்த மனிதர்களின் வாழ்க்கைக்கும் கேடு என்று அமெரிக்க நாடாளுமன்றக் குழு கண்டித்தது. அதன் விளைவாக அகாடமியின் தொடக்கப் பாடம், தேறியவர் தங்கலாம், தேறாதவர் வீடு திரும்பலாம் என்ற வடிகட்டும் தேர்வாக மாற்றப்பட்டது. 1992 வரை நீடித்த இந்த முறையில், பொதுவாக ஒன்பது வாரங்களில் ஒருவரின் எதிர்காலம் முடிவானது.

முதல் வாரங்கள் மனப்பாடத்தில் கழியும். பயிற்சிக்கென்றே உருவாக்கப்பட்ட கற்பனை வானம் ஒன்று இருந்தது. அதன் வழித்தடங்கள், அறிவிப்புப் புள்ளிகள், அவற்றுக்கு இடையிலான தூரங்கள், குறைந்தபட்ச உயரங்கள், அலைவரிசைகள் எல்லாவற்றையும் வெற்றுத்தாளில் நினைவிலிருந்து வரைந்து காட்ட வேண்டும். சொல்முறையும் அவ்வாறே. எண்களை ஒவ்வொரு இலக்கமாகப் பிரித்துச் சொல்வது, கொடுத்த அனுமதியை விமானி திருப்பிச் சொல்லும்போது ஒரு சொல் பிசகினாலும் பிடிப்பது போன்ற பழக்கங்கள் யோசிக்காமலே நாவில் வரும்வரை பயிற்சி தொடர்ந்தது. ஸ்ட்ரிப்பில் இடும் ஒவ்வொரு குறிக்கும் ஒரே பொருள்தான் இருக்கலாம். ஏனெனில் பணியில் இருப்பவர் எழுந்து சென்றால், அடுத்து அமர்பவர் அந்தக் குறிகளைப் பார்த்தே வானத்தைப் புரிந்துகொள்ள வேண்டும்.

அடுத்து ஆய்வகச் சிக்கல்கள் வரும். ஒரு மாணவர் ஸ்ட்ரிப் பலகைக்கு முன் அமர்வார். மற்றொருவர் விமானிகளாகவும் பக்கத்து செக்டர்களாகவும் குரல் கொடுப்பார். பின்னால் நிற்கும் ஆசிரியர் ஒவ்வொரு தவறையும் குறித்துக்கொள்வார். ஏறத்தாழ அரைமணி நேரம் ஓடும் சிக்கலில் விமானங்கள் தொடர்ந்து வந்துகொண்டேயிருக்கும். சொல்முறைத் தவறுக்குச் சிறிது மதிப்பெண் குறையும். பிரிப்பு இடைவெளி உடைந்தால் பெருமளவு குறையும். மொத்தத்தில் நூற்றுக்கு எழுபது எடுக்காதவர் வெளியேற வேண்டும். 1980-களில் சேர்ந்தவர்களில் ஏறத்தாழ பத்துக்கு நான்கு பேர் இந்தக் கட்டத்தைத் தாண்டவில்லை.

இந்த முறையைக் கடுமையானது என்று மட்டும் சொல்லி நகர்ந்துவிட எனக்கு மனமில்லை. ஒன்பது வாரத்தில் வேகமாகக் கற்பவரை அது கண்டுபிடித்தது. நிதானமாகக் கற்று உறுதியாக நிற்கக்கூடியவரை அது இழந்தது. இருப்பினும், தேறாதவருக்கு ஓராண்டு கழித்து, குடும்பத்தோடு ஓர் ஊருக்குக் குடிபெயர்ந்த பிறகு அந்தச் செய்தி வருவதைவிட இது நேர்மையானது என்றும் எண்ணுகிறேன்.

இதுவரை பார்த்ததில் நினைவில் வைக்க வேண்டியது: அகாடமி அந்தக் காலத்தில் கட்டுப்பாட்டாளரை உருவாக்கவில்லை, உருவாகக்கூடியவரைத் தேர்ந்தெடுத்தது.

உண்மையான வகுப்பறை

தேறியவர் தமக்கு ஒதுக்கப்பட்ட கோபுரத்துக்கோ மையத்துக்கோ போய்ச் சேரும்போது அவர் இன்னும் பயிற்சியாளரே. வழித்தட மையத்தில் ஸ்ட்ரிப்புகளைப் பிரித்து உரிய செக்டருக்குக் கொண்டுசேர்ப்பதில் தொடங்கி, பலகையையும் தொலைபேசியையும் கவனிக்கும் உதவியிடத்துக்கு ஏறி, இடையே ரேடார் பயிற்சியையும் முடித்து, இறுதியாகத் திரைக்கு முன் அமர்ந்து விமானிகளோடு பேசும் இடத்தை எட்டினார். முழுத் தகுதி பெறப் பெரும்பாலும் இரண்டு முதல் நான்கு ஆண்டுகள் பிடித்தன.

இந்தப் பயிற்சி உண்மையான பயணிகள் அமர்ந்திருந்த உண்மையான விமானங்களோடு நடந்தது. மூத்தவர் ஒருவர் அதே இருக்கையின் இணைப்பில் காதில் அணிந்து கேட்கவும் பேசவும் உதவும் தம் ஹெட்செட்டையும் பொருத்திக்கொண்டு பக்கத்தில் அமர்வார். பேசுபவர் இளையவர், பொறுப்பு மூத்தவருடையது. இளையவர் தவறான உயரத்தைச் சொன்னால் அந்த நொடியே குறுக்கிட்டு மூத்தவர் பேசிவிடலாம். எப்போது குறுக்கிடுவது என்பதே இங்கு மிகக் கடினமான கலை. உடனே குறுக்கிட்டால், சிக்கலிலிருந்து தாமே மீளும் வாய்ப்பை இளையவர் இழக்கிறார். தாமதித்தால் மூத்தவராலும் மீட்க முடியாத கட்டம் வந்துவிடும். பாடநூல் எதுவும் இந்த எல்லையை வரைந்து காட்ட முடியாது. பல்லாயிரம் விமானங்களைக் கடத்திவிட்ட அனுபவம்தான் அதை அறியும்.

ஒவ்வொரு செக்டருக்கும் தனித்தனியே தகுதிச் சான்று பெற வேண்டும். மாலை வெயிலில் எந்த ஓடுபாதை கண்ணைக் கூசும், இடிமழைக் காலத்தில் விமானிகள் எந்தப் பக்கம் விலகக் கேட்பார்கள் என்பன போன்ற உள்ளூர் அறிவு ஊருக்கு ஊர் மாறும். ஆகவே, இருபது ஆண்டு அனுபவம் உள்ளவரும் வேறு நிலையத்துக்கு மாறினால், அங்கே புதியவராகப் பக்கத்தில் ஒருவரை அமர்த்திக்கொண்டே தொடங்குவார்.

ஆசிரியர்களை இழந்த ஆண்டு

இந்த ஏற்பாட்டின் உயிர்நாடி எங்கே இருந்தது என்பதை 1981 வெளிப்படுத்தியது. ஊதியம், வேலைநேரம் குறித்த பேச்சு முறிந்து, ஆகஸ்ட் 3 அன்று கட்டுப்பாட்டாளர் சங்கம் வேலைநிறுத்தம் தொடங்கியது. கூட்டாட்சி ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்வது சட்டவிரோதம் என்ற அதிபர் ரீகன் 48 மணி நேரம் கெடு விதித்தார். திரும்பாத பதினோராயிரத்துக்கும் மேற்பட்டோர் பணிநீக்கம் செய்யப்பட்டார்கள். மேற்பார்வையாளர்களும், வேலைநிறுத்தத்தில் சேராதவர்களும், ராணுவக் கட்டுப்பாட்டாளர்களும் குறைக்கப்பட்ட விமானச் சேவைகளை நடத்தினார்கள்.

அரசு அகாடமியின் வகுப்புகளைப் பெருக்கியது. விண்ணப்பங்களுக்கும் பஞ்சமில்லை, பல்லாயிரக்கணக்கானோர் வரிசையில் நின்றார்கள். வடிகட்டும் வேலையை விரைவுபடுத்த முடிந்தது. ஆனால் தேறியவர்கள் மையங்களுக்குப் போனபோது, பக்கத்தில் அமர்ந்து கற்பிக்க வேண்டியவர்களில் பெரும்பகுதியினர் அங்கே இல்லை. எஞ்சியிருந்தவர்கள் நீண்ட நேரம் போக்குவரத்தையும் கவனித்து, அதற்கு நடுவே கற்பிக்கவும் வேண்டியிருந்தது. பணிநீக்கம் சட்டப்படி சரியா என்பது வேறு விவாதம். பயிற்சியின் கோணத்தில், ஒரு தலைமுறையின் ஆசிரியர்கள் ஒரே வாரத்தில் வெளியேற்றப்பட்டார்கள் என்பதே நடந்தது. முழுத் தகுதி பெற்றவர்களின் எண்ணிக்கை மீண்டும் உயரப் பல ஆண்டுகள் ஆயின.

1992-ல் வடிகட்டும் பணி அகாடமியின் பாடத்திட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டு, சில நாட்களில் முடியும் கணினித் தேர்வுக்கு மாற்றப்பட்டது. அகாடமி கற்பிக்கும் இடமாக மாறத் தொடங்கியது. 1993-ல் அதிபர் கிளின்டன், பணிநீக்கம் செய்யப்பட்டவர்கள் மீண்டும் விண்ணப்பிக்கத் தடையில்லை என்று அறிவித்தார். அவர்களில் சில நூறு பேர் பின்னர் பணிக்குத் திரும்பினார்கள். ஒருகாலத்தில் பிறருக்குக் கற்பித்த அவர்களும், தாங்கள் போய்ச் சேர்ந்த நிலையத்தின் வரைபடத்தைப் படித்து, பக்கத்தில் ஒருவர் அமர்ந்திருக்க, செக்டர் செக்டராக மீண்டும் தகுதிச் சான்று பெற்ற பிறகே தனியாகப் பணியாற்ற அனுமதிக்கப்பட்டார்கள்.